நூபியர் வீடும் நைல் நீரும்

அஸ்வான் நகரில் நைல் நதிக்கரைச் சாலையில் பத்தடி நடந்தால் ஒரு படகுக்காரராவது எதிரே வந்து, "நூபியச் சிற்றூர் பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்பார். அவர் சொல்லும் ஊர் பெரும்பாலும் கர்ப் சொஹேல். ஆற்றின் நடுவே சொஹேல் என்றொரு தீவு இருக்கிறது. அதற்கு எதிரே மேற்குக் கரையில் இருப்பதால் 'மேற்குச் சொஹேல்' என்ற பொருளில் இந்தப் பெயர். படகில் போய், வீடு பார்த்து, ஏதேனும் பருகிவிட்டுத் திரும்ப மூன்று மணி நேரம் ஆகும்.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம் ஓர் ஆய்வுக் கூட்டத்துக்காகக் கெய்ரோ சென்ற நாங்கள் நால்வர், கூட்டம் முடிந்ததும் இரவு ரயிலேறி ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தெற்கே சென்று அஸ்வானில் இறங்கினோம். அந்த மூன்று மணி நேரச் சுற்றுலாவுக்கு நாங்களும் போனோம். மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு மக்களைப் பற்றி எழுதுவது துணிச்சல்தான். ஆகையால் அங்கே கண்ணால் கண்டதையும், அதற்கு முன்னும் பின்னும் படித்தறிந்ததையும் சேர்த்து, நம் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு பாடம் போல எழுதுகிறேன். நூபியர் வீட்டின் கூரை எப்படி நிற்கிறது, அப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை இன்று எங்கே இருக்கின்றன என்னும் இரண்டு கேள்விகளே இக்கட்டுரையின் பொருள்.

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நதி. அஸ்வானுக்கருகே ஆற்றின் குறுக்கே கருங்கற் பாறைகள் கூட்டங் கூட்டமாய்க் கிடந்து நீரைச் சிதறடிக்கின்றன. கார்ட்டூம் நகருக்கும் அஸ்வானுக்கும் இடையே இத்தகைய பாறைத் தடைகள் ஆறு. வடக்கிலிருந்து எண்ணினால் இதுவே முதலாவது. பண்டைய எகிப்து இங்கே முடிந்தது. இதற்குத் தெற்கே வட சூடான் வரை நீண்டது நூபியா. இருபுறமும் பாலைவனம், நடுவே ஆறு, ஆற்றின் ஓரத்தில் ஒரு நாடா அகலத்துக்கு வயல். அந்த நாடாவில்தான் நூபியர் பல ஆயிரம் ஆண்டுகள் உழுது, ஈச்சை வளர்த்து, தமக்கென ஒரு மொழி பேசி வாழ்ந்தார்கள்.

எங்கள் படகு அந்தப் பாறைகளின் நடுவே வளைந்து வளைந்து சென்றது. நீர் பட்ட பாறைகள் கறுத்து மினுமினுத்து, குளிக்க இறங்கிய யானைகளைப் போலக் கிடந்தன. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க நூபியர். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். கர்ப் சொஹேல் கரையில் இறங்கியதும் ஒட்டகக்காரர்களும், மணிமாலை, மசாலைப் பொடி விற்பவர்களும் சூழ்ந்துகொண்டனர். அந்தக் கடைத்தெருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; சுற்றுலாத் தலங்கள் எங்கும் கடைத்தெரு ஒன்றே. சில வீடுகளில் முதலை வளர்க்கிறார்கள். தொட்டிக்குள் ஓர் ஆள் நீள முதலை அசையாமல் கிடக்க, அதன் குட்டியைக் கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். பாடம் செய்த முதலையை வாசற்படிக்கு மேல் மாட்டிவைப்பது நூபியரின் பழைய வழக்கம். கண்ணேறு படாதிருக்கச் செய்வது. உயிருள்ளதைத் தொட்டியில் அடைத்துக் காசு வாங்குவது பயணிகளுக்காக வந்த வழக்கம் என்றே எனக்குத் தோன்றியது. எனக்கு அது பிடிக்கவில்லை, படமும் எடுத்துக்கொள்ளவில்லை.

வழிகாட்டி எங்களைத் தம் உறவினர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வெளிச்சுவரை ஒட்டி நீளமாக ஒரு திண்ணை. நம் ஊர்த் திண்ணையேதான். அதன் பெயர் 'மஸ்தபா'. மாலையில் ஆண்களும் பெண்களும் அதில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பார்களாம். கதவைத் தாண்டினால் திறந்த முற்றம், மணல் பரப்பியது. முற்றத்தைச் சுற்றி அறைகள். வாசலுக்கு மேல் சுவரில் பீங்கான் தட்டுகளைப் பதித்திருந்தார்கள். சிவந்த பானம் ஒன்று கொடுத்தார்கள். அது 'கர்க்கதே'; நம் புளிச்சைக் கீரையின் இனத்தைச் சேர்ந்த செடியின் புல்லிவட்டத்தைக் காயவைத்து ஊறவைப்பது. புளிப்பும் துவர்ப்புமாக நன்றாயிருந்தது.

அந்த வீட்டில் முன்னறைகள் புதியவை. சிமிட்டும் செங்கல்லும் கொண்டு கட்டி நீல வண்ணம் பூசியவை. கும்மட்டமும் சிமிட்டே. மின்விசிறி சுழன்றும் வியர்த்தது. பின்பக்கம் ஓர் அறை மட்டும் பழையது, மண்ணால் ஆனது. வீட்டார் அதைத் தட்டுமுட்டுச் சாமான் போடப் பயன்படுத்துகிறார்கள். வழிகாட்டி அதைக் காட்ட எண்ணவில்லை. நான் கேட்டதனால் திறந்தார். உள்ளே காலடி வைத்ததும் உடம்பு குளிர்ந்தது. மேலே பார்த்தேன். கூரையில் ஒரு மரத்துண்டுகூட இல்லை. சுடாத பச்சைச் செங்கல்லே ஒரு பக்கச் சுவரிலிருந்து எழும்பி, வளைந்து, மறுபக்கச் சுவரில் இறங்கியிருந்தது.

மண்ணும் கல்லும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்கா. தட்டையான கூரையின் அடிப்பக்கம் இழுபடுகிறது. ஆகவே அங்கே மரமோ இரும்போ வேண்டும். நூபியாவின் வடபகுதியில் உத்திரத்துக்கு உதவும் மரம் அரிது. (தென்பகுதியில் ஈச்சை மிகுதி, அங்கே ஈச்சந்தண்டு பரப்பிய தட்டைக் கூரைகள் உண்டு.) கூரையை வளைத்துவிட்டால் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்துமேயன்றி இழுக்காது. இரண்டு முனையையும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி எந்த வடிவில் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாகத் திருப்பினால் அழுத்தம் மட்டுமே உள்ள வளைவு கிடைக்கும். இதை இராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டில் கூறினார். நூபியக் கொத்தனார் அவரைப் படித்ததில்லை. அவருடைய வளைவு ஏறக்குறைய அந்த வடிவமே.

வளைவு கட்டுவதில் உள்ள சிரமம் வேறு. கட்டி முடியும்வரை அது நிற்காது. ஆகவே உலகெங்கும் முதலில் மரத்தால் ஒரு சாரம் செய்து, அதன்மேல் கல் அடுக்கி, பின்பு சாரத்தை எடுப்பார்கள். மரமில்லாத நாட்டில் சாரத்துக்கு எங்கே போவது? நூபியக் கொத்தனார் செய்வது இதுதான். அறையின் பின்சுவரை மட்டும் மற்றவற்றைவிட உயரமாகக் கட்டுகிறார். அதன்மேல் கையாலேயே ஈரமண்ணை அப்பி வளைவின் கோட்டை வரைகிறார். பிறகு முதல் வரிசைக் கற்களை நேராக நிறுத்தாமல், பின்சுவரின்மேல் சாய்த்து ஒட்டுகிறார். அடுத்த வரிசை முதல் வரிசையின்மேல் சாய்கிறது. இப்படி ஒவ்வொரு வரிசையும் தனக்கு முந்தியதன்மேல் சாய்ந்துகொண்டே வருவதால், வளைவு முடியாத நிலையிலும் கல் விழுவதில்லை. இதற்கென அறுக்கும் கல் மெல்லியது. 25 செண்டிமீட்டர் நீளம், 15 அகலம், 5 கனம். எடை குறைய வைக்கோல் அதிகம் சேர்ப்பார்கள். ஈரமாயிருக்கும்போதே விரலால் இரண்டு கோடு இழுத்துவிடுவார்கள். அந்தப் பள்ளங்களில் சாந்து கவ்விக்கொள்ளும். கருவி வாச்சி ஒன்றே; மட்டப்பலகைகூட இல்லை.

இந்த முறை மிகப் பழையது. லக்சரில் இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் கோயிலையொட்டிய களஞ்சியங்கள் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் இவ்வாறே கட்டப்பட்டவை. பச்சைச் செங்கல் வளைகூரைகள் பல இன்றும் நிற்கின்றன. எகிப்தின் பெரிய கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி, தாம் சாரமில்லாமல் கட்ட முயன்ற வளைவுகள் இடிந்து விழ, 1941-இல் அஸ்வானுக்கு வந்து மேற்குக் கரைச் சிற்றூரில் இந்தக் கூரைகளைக் கண்டார். பல்கலைக்கழகத்தில் கிடைக்காத விடை ஊர்க் கொத்தனார் கையில் இருந்தது. அவர்களையே அழைத்துச் சென்று பிறகு லக்சருக்கருகே புதிய குர்னா என்னும் ஊரைக் கட்டினார்.

அந்தப் பின்னறை ஏன் குளிர்ந்திருந்தது என்பதற்கும் எளிய கணக்குண்டு. பகல் வெயிலும் இரவுக் குளிரும் ஓர் அலையாகச் சுவருக்குள் புகுகின்றன. மண்சுவரில் அந்த அலை ஏறக்குறைய 12 செண்டிமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தேய்ந்துவிடும். அடுத்த 12 செண்டிமீட்டரில் அதிலும் அந்தப் பங்கே மிஞ்சும். அரை மீட்டர் கனமுள்ள சுவரைத் தாண்டி உள்ளே வருவது நூற்றில் ஒன்றிரண்டே. அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதித்து, வெளியே குளிர்ந்துவிட்ட இரவில் வருகிறது. கூரை வளைந்து உயர்ந்திருப்பதால் சூடான காற்று தலைக்கு மேலே நின்றுவிடும். 1964-இல் கெய்ரோவில் இருவகை அறைகளை அருகருகே கட்டி அளந்தார்கள். மண் அறையில் காற்றின் வெப்பம் நாள் முழுதும் 2 டிகிரிக்குமேல் மாறவில்லை. 10 செண்டிமீட்டர் கான்கிரீட் பலகையால் ஆன அறையில் அது 36 டிகிரிவரை ஏறியது.

அதே 1964-இல்தான் நூபியர் மண் வீட்டிலிருந்து கான்கிரீட் வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு இப்போது வருவோம்.

அஸ்வானில் முதல் அணையை ஆங்கிலேயர் 1902-இல் கட்டி முடித்தனர். அதன் பின்னே தேங்கிய நீர் கடல்மட்டத்துக்கு மேல் 106 மீட்டர் வரை நின்றது. 1912-இல் அணையை உயர்த்தினார்கள். நீர் 113 மீட்டருக்கு வந்தது. 1933-இல் மறுபடி உயர்த்தினார்கள், 121 மீட்டர். ஒவ்வொரு முறையும் ஏழெட்டு மீட்டர். வயலும் ஈச்சையும் மூழ்கின. ஆனால் வீட்டை இன்னும் கொஞ்சம் மேட்டில் கட்டிக்கொள்ள முடிந்தது. கரையிலே மண் இருக்கிறது; கொத்தனார் கையில் கலை இருக்கிறது; மரம் வேண்டியதில்லை. மூன்று முறை தண்ணீர் ஏறியது. மூன்று முறையும் ஊர்கள் சரிவில் ஏறிக்கொண்டன. வயல் போனபின் வீடு மட்டும் சோறு போடுமா? ஆண்கள் கெய்ரோவுக்கும் அலெக்ஸாந்திரியாவுக்கும் சமையற்காரர்களாகவும் வாயிற்காவலர்களாகவும் பிழைக்கப் போனார்கள். ஊரில் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் இருந்து, தபால் படகில் வரும் கடிதத்துக்கும் பணத்துக்கும் காத்திருந்தார்கள். 1933-இன் வெள்ளத்தை வைத்து முகம்மது கலீல் காசிம் என்ற நூபியர் சிறையிலிருந்தபோது ஒரு நாவல் எழுதினார். 'அல் ஷமந்தூரா' என்ற அந்த நூல் 1968-இல் வெளிவந்தது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். மணியார்டருக்குக் காத்திருந்த பாட்டியின் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விடுமுறைக்குப் போய்ப் பார்க்கலாம்.

பேரணையின் வேலை 1960-இல் தொடங்கி 1970-இல் முடிந்தது. முதல் அணைக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, 111 மீட்டர் உயரம், 3,830 மீட்டர் நீளம். அதன் பின்னே தேங்கிய நாசர் ஏரி சூடானுக்குள்ளும் சென்று ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் நீர் 180 மீட்டருக்கு மேலும் ஏறக்கூடியது. 121 எங்கே, 180 எங்கே! சரிவில் ஏறிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. சரிவே இல்லாது போயிற்று. 1963 அக்டோபர் முதல் எகிப்திலிருந்த நூபியர் ஏறக்குறைய 50,000 பேரைக் கப்பலிலும் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றி, அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போவைச் சுற்றிப் புதிதாகக் கட்டிய ஊர்களில் இறக்கினார்கள். சூடானில் வாதி ஹல்ஃபாப் பகுதியிலிருந்தும் ஏறக்குறைய அத்தனை பேர் பெயர்ந்து, தொலைவில் அத்பரா ஆற்றுப் பக்கம் குடியேற்றப்பட்டனர்.

கோம் ஓம்போவின் புதிய வீடுகள் வரிசை வரிசையாக, நேர்க்கோட்டில், கான்கிரீட் கூரையோடு நின்றன. குடும்பத்தின் தலைக்கணக்குப்படி வீடு கொடுத்ததால் அண்ணன் ஒரு தெருவிலும் தம்பி ஒரு தெருவிலும் விழுந்தார்கள். முன்பு எல்லா வீட்டு வாசலும் நைலைப் பார்த்தது. இங்கே நைல் கண்ணுக்கே தென்படவில்லை. முதல் ஆண்டுகளில் குழந்தைகளும் முதியோரும் பலர் இறந்தனர். பிழைத்தவர்கள் செய்த முதற்காரியங்களில் ஒன்று, அரசாங்க வீட்டின் முன்னே மண்ணால் திண்ணை கட்டிக்கொண்டது. ஊர்களுக்குப் பழைய பெயர்களையே வைத்தார்கள். பல்லானா என்றால் இன்று அது கோம் ஓம்போப் பக்கத்து ஊர். பழைய பல்லானா ஏரிக்கு அடியில்.

இப்போது கர்ப் சொஹேல் எப்படித் தப்பியது என்பது விளங்கும். 1902-இன் அணைக்கும் கீழே, அதாவது வடக்கே, அது இருக்கிறது. எந்த ஏரியின் நீரும் அதை எட்டவில்லை. பயணிகள் "பழைய நூபியா" என்று பார்த்துவிட்டு வரும் ஊர், நூபியாவின் வடக்கு விளிம்பில் தண்ணீர் விட்டுவைத்த ஒரு துண்டு.

எங்கள் வழிகாட்டியின் தாயார் மூழ்கிய ஊர் ஒன்றில் பிறந்தவராம். அணைகளைப் புதிய கோயில்கள் என்று நேரு சொன்னதைப் பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். விஞ்ஞானம் பயில்பவனுக்கு அணை என்றால் ஒரு பெருமிதம் இருக்கத்தான் செய்யும். ஆகவே தயங்கித் தயங்கி அவரிடம், "அந்த அணை கட்டியிருக்கக் கூடாது என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"என் வீட்டு விளக்கு அந்த அணையால் எரிகிறது. கட்டியிருக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வேன்?" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோயில்களை எங்கே வைப்பது என்று உலகத்தையே கேட்டார்களே" என்றார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. பேரணையின் பன்னிரண்டு சுழலிகள் 2,100 மெகாவாட் மின்சாரம் தரவல்லவை. 1980களில் நைலில் ஆண்டுக்காண்டு நீர் குறைந்தபோது எகிப்தைப் பஞ்சத்திலிருந்து காத்தது நாசர் ஏரியின் சேமிப்பே. மறுபுறம், 1960-இல் யுனெஸ்கோ விடுத்த அழைப்புக்கிணங்கப் பல நாடுகள் பணமும் ஆட்களும் தந்தன. அபு சிம்பெல் கோயில்களை ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் உயரே ஏற்றி, 1968-இல் மறுபடி பொருத்தி நிறுத்தினார்கள். சூரிய ஒளி ஆண்டுக்கு இருமுறை கருவறைவரை செல்லும் பழைய ஏற்பாடுகூடக் கெடாதபடி திசை பார்த்து வைத்தார்கள். வீடுகளுக்கு அப்படித் திசை பார்த்தவர் இல்லை.

அந்தப் பணியில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1961-62 பருவத்தில் இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையினர் பி. பி. லால் தலைமையில் நூபியாவில் அஃபியே என்னும் இடத்தில் அகழ்ந்தனர். நூபியாவின் கருப்பும் சிவப்புமான மண்கலங்கள் தென்னிந்தியப் பெருங்கற்காலத் தாழிகளோடு கிடைக்கும் கலங்களை ஒத்திருப்பதை லால் எடுத்துக்காட்டினார். இதைக் கேட்டவுடன் "நூபியர் நம்மவரே" என்று முடிவுகட்டும் நண்பர்கள் நம் சங்கத்தில் சிலர் உண்டு! அவசரம் வேண்டாம். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப்படாத பகுதி கறுக்கும், பட்ட பகுதி சிவக்கும்; இரண்டு நாட்டுக் குயவர்களும் இதைத் தனித்தனியே கண்டறிந்திருக்கலாம். மேலும் அந்த நூபியக் கலங்களுக்கும் நம் தாழிகளுக்கும் இடையே பல நூற்றாண்டு வித்தியாசம் இருக்கிறது.

மொழியைப் பற்றியும் ஒரு செய்தி. ஊரில் பயணிகளுக்கென ஒரு வகுப்பறை வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் கரும்பலகையில் அரபு எழுத்தையும் நூபிய எண்களையும் எழுதி நம்மைச் சொல்லச் சொல்கிறார். ஒன்றுக்கு 'வேர்', நான்குக்கு 'கெம்ஸ்'. எகிப்து நூபியரிடையே மொழி இரண்டு. வடக்கே கென்ஸி, தெற்கே நோபீன். தண்ணீருக்குக் கென்ஸியில் 'எஸ்ஸி', நோபீனில் 'அமன்'. பழைய நூபிய மொழிக்குக் கிரேக்க எழுத்தை ஒட்டிய தனி எழுத்து இருந்தது. 8ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டுவரை அதில் எழுதினார்கள். பின்பு மறைந்து பேச்சுமொழியாகவே நின்றது. பிறர்க்குப் புரியாத அந்தப் பேச்சையே 1973 போரில் எகிப்தியப் படை இரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்தியது. நூபியச் சிப்பாய்கள் வானொலியில் தாய்மொழியில் பேசிக்கொண்டார்கள். வழிகாட்டியிடம், "உங்கள் பிள்ளைகள் நூபியம் பேசுவார்களா?" என்று கேட்டேன். "புரிந்துகொள்வார்கள். பதில் அரபியில் வரும்" என்றார். எங்கள் நால்வரில் சிரிக்காதவர் இல்லை. ஆனால் அது சிரிப்பதற்கான செய்தியா என்று படகில் திரும்பும்போது ஒருவரும் பேசவில்லை. வீட்டில் அம்மா தமிழில் கேட்க ஹிந்தியில் விடை சொல்லும் தம்பி தங்கையர் எங்கள் எல்லோருக்கும் உண்டு.

எகிப்தின் 2014ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 236ஆம் விதி, நூபியர்களைப் பத்தாண்டுக்குள் அவர்களுடைய பழைய பகுதிகளுக்குத் திரும்பக் கொண்டுவந்து அவற்றை அபிவிருத்தி செய்ய அரசு முயலும் என்று கூறுகிறது. 2024-இல் பத்தாண்டு முடிந்தது. திரும்புதல் நிறைவேறவில்லை.

அஸ்வான் செல்ல வாய்க்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் நகரிலுள்ள நூபிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1997-இல் திறந்தது, அரை நாள் வேண்டும். பிறகு படகேறுங்கள். கர்ப் சொஹேலில் எந்த வீட்டுக்குப் போனாலும், "பழைய மண் அறை இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருந்தால் திறப்பார்கள், மறுப்பதில்லை. பகல் இரண்டு மணிக்குச் சிமிட்டு அறையில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு நேரே அதற்குள் போக வேண்டும்.